தாமதத்துக்கு நான் கற்றுக்கொடுத்த இங்கிலீஷ்

அன்புள்ள மகனுக்கு,

இங்கு யாவரும் நலம், அங்கு உன் நலம் அறிய ஆவல் என்று எழுதிக்கொண்டு உட்கார எனக்கு இப்போது பொறுமை இல்லை. உடம்பு எல்லாருக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. மனசுதான் ஒருத்தருக்கும் ஓர் இடத்தில் நிற்கவில்லை. பம்பாயிலிருந்து உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நின்றுகொண்டே படித்தேன், அதற்கப்புறம் உட்கார முடியவில்லை. வழக்கம்போல அம்மாவுக்குத் தமிழில் நாலு வரி, எனக்கு இங்கிலீஷில் ஒரு பக்கம். அம்மாவுக்கு எழுதியதில் ‘கூடிய சீக்கிரம் வருகிறேன்’ என்று இருக்கிறது. எனக்கு எழுதியதில் ‘அன்அவாய்டபிள் டிலே’ என்று இருக்கிறது. ஒரே கவருக்குள் இரண்டு பிள்ளைகள்! அம்மா ஈரக் கையோடு அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். “இன்னா எழுதிக்கிறான்? லீவு குடுத்துட்டாங்களாமா?” என்றாள். “வர்றதுக்குக் கொஞ்சம் முன்ன பின்ன ஆவுமாம்” என்றேன். “முன்னயா, பின்னயா?” என்று கேட்டாள். சட்டையை மாட்டிக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் நடக்கப் போய்விட்டேன்.

உன் தங்கை அலமேலுவின் கல்யாணத்தை முதலில் ஆவணியில் வைத்தோம். நீ எழுதினாய். ஐப்பசிக்குத் தள்ளினோம். மறுபடியும் எழுதினாய். இப்போது தை என்று வந்து நிற்கிறது, நீ மறுபடியும் எழுதியிருக்கிறாய். யுத்த காலத்தில் லீவு கிடைப்பது கஷ்டம், ஆபீசில் ஆள் குறைவு, மேலே இருக்கிற துரை புதுசு, எல்லாம் எனக்குத் தெரியும். நானும் கம்பெனியில் குப்பை கொட்டியவன்தான். ஆனால் உன் கடிதத்தில் என்னைக் கிளறிவிட்டது காரணம் இல்லை, அந்த வார்த்தைகள். ஆவணிக்கு ‘டிலே’ எழுதினாய். ஐப்பசிக்கு ‘டிடெய்ன்ட்’ எழுதினாய். இப்போது ‘அன்அவாய்டபிள்’ என்று ஒரு பெரிய பட்டத்தை முன்னால் கட்டி அனுப்பியிருக்கிறாய். வரிசை தப்பவில்லை. இதே வரிசையில்தான் நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். கண்ணாடியில் என் முகத்தை நானே பார்த்த மாதிரி இருந்தது, பார்க்கப் பிடிக்கவில்லை.

உனக்குக் கதை தெரியும், ஆனாலும் கேள். வேலையை விட்டு வீட்டோடு வந்த பிறகும் காலை ரயில் கூவினால் என் கால் தானாகச் செருப்பைத் தேடுகிறது. அத்தனை வருஷம் அந்த மூன்றாம் வகுப்புப் பெட்டியில் போய் வந்திருக்கிறேன். பீச் ரோட்டில் எங்கள் கம்பெனியில் பத்து மணி அடித்ததும் ஹெட் கிளார்க் எழுந்து, ஆஜர் புத்தகத்தில் கையெழுத்துகளுக்குக் கீழே சிவப்பு மசியால் ஒரு கோடு இழுப்பார். அந்தக் கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டவன் தாமதமாக வந்தவன். அவன் ஏன் தாமதம் என்று இங்கிலீஷில் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதியது பிடிக்கவில்லை என்றால் லீவு கழியும். எங்கள் கம்பெனி மட்டுமில்லை, ஜார்ஜ் டவுன் பூராவும் அப்படித்தான். அம்பத்தூர் ஆட்களாகிய நமக்கோ ரயிலை விட்டால் வேறு வழி கிடையாது. மெயில் வருகிறது என்றால், யுத்தம் வந்த பிறகு ஆவடிக்கு மிலிட்டரி ஸ்பெஷல் வருகிறது என்றால், நம் வண்டியை வில்லிவாக்கத்தில் ஓரங்கட்டிவிடுவார்கள். எஞ்சின் பெருமூச்சு விட்டுக்கொண்டு நிற்கும். பெட்டிக்குள் ஆளாளுக்குக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தவிப்பார்கள். அப்போதுதான் எல்லாக் கண்ணும் என் பக்கம் திரும்பும்.

அந்தப் பெட்டிக்கு நான்தான் விளக்கக் கடிதம் எழுதுகிறவன். வில்லிவாக்கத்தில் ஆரம்பித்தால் பேசின் பிரிட்ஜ் வருவதற்குள் எல்லாருக்கும் எழுதி முடித்துவிடுவேன். டிபன் தூக்கை மடியில் கவிழ்த்து வைத்து அதன்மேல் காகிதம். ஒரே ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர் இருந்தால் ஒருத்தனுக்குப் போட்ட வார்த்தையை இன்னொருத்தனுக்குப் போடக்கூடாது, மாட்டிக்கொள்வார்கள். நேற்றுப் போட்டதை இன்றைக்குப் போடக்கூடாது. இதெல்லாம் எங்களுக்குள் ஒரு சட்டம். ஆவடியிலிருந்து ஏறுகிற கோவிந்தன் என்று ஒரு கோடவுன் குமாஸ்தா இருந்தான், நீ சின்ன வயதில் பார்த்திருப்பாய், காது நிறைய முடி. அவன்தான் தினமும் முதலில் காகிதத்தை நீட்டுவான்.

“அண்ணாத்தே, நேத்து எனுக்கு இன்னா போட்டே?”

“டிலே.”

“இன்னிக்கும் அதையே போட்டா அந்தாளு கண்டுபுடிச்சுக்குவான். வேற எதுனா பெருசா போடு.”

“டிடெய்ன்ட் போடறேன்.”

“அப்படின்னா இன்னா?”

“நீ வரத்தான் பாத்தே, யாரோ புடிச்சு நிறுத்தி வெச்சுட்டாங்கன்னு அர்த்தம்.”

“அய்யய்ய! போலீசு புடிச்சுதுன்னு நெனச்சுக்கப் போறான் நைனா!”

பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் எனக்கு ஒரு ராஜா மாதிரி இருக்கும். கம்பெனியில் நான் நூற்றோடு நூற்றொன்று. அந்தப் பெட்டியில் நான் புலவன். எந்த வார்த்தை யாருக்குப் பொருந்தும் என்று தையற்காரன் அளவெடுக்கிற மாதிரி ஆளைப் பார்த்து எடுப்பேன். ‘லேட்’ என்பது சட்டை போடாத வார்த்தை, அதை எழுதினால் தப்பு முழுக்க உன் தலையில். ‘டிலே’ என்றால் யார்மேலும் தப்பில்லை, மழை பெய்த மாதிரி அது தானாக நடந்தது. ‘டிடெய்ன்ட்’ என்றால் தப்பு அடுத்தவன்மேல் போய்விடும். ‘பிலேட்டட்’ என்று எழுதினால் தாமதத்துக்கே சரிகை வைத்த மாதிரி, எதிராளிக்குக் கோபிக்கக் கூச்சமாக இருக்கும். ‘ஸ்லாக்’ என்று மட்டும் உயிர் போனாலும் எழுதக்கூடாது, நான் சோம்பேறி என்று ஒப்புக்கொண்டு தன் கழுத்தில் தானே கயிறு போட்டுக்கொள்வது அது. துரைமார்கள் எங்களுக்கு ஒரு வார்த்தை வைத்திருந்தார்கள், பியூன்களுக்கு வேறு வார்த்தை. பியூன் வராந்தாவில் நின்றால் ‘லாய்ட்டரிங்’, வெட்டியாகத் திரிகிறான் என்று. துரை கிளப்பிலிருந்து மத்தியானம் வந்தால் அதற்கு வார்த்தையே கிடையாது.

சரி, இதையெல்லாம் ரயிலோடு விட்டுவிட்டு வந்திருக்கலாம். நான் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்தேன். உனக்கு ஞாபகம் இருக்கும், நீ பள்ளிக்கூடம் போகும் வழியில் ஏரியில் வலை போடுகிறவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றுவிடுவாய். மணி அடித்து எத்தனையோ நேரம் கழித்துப் போய் நிற்பாய். வாத்தியார் ஒருநாள், அப்பாவிடமிருந்து காரணம் எழுதி வாங்கிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார். வேறு அப்பனாக இருந்தால் முதுகில் ஒன்று வைத்து, நாளையிலிருந்து நேராகப் போடா என்று சொல்லியிருப்பான். எனக்கோ எழுதக் கை ஊறிற்று. நான் எழுதித் தரவில்லை, உன்னையே எழுத வைத்தேன். ‘பிலேட்டட் அரைவல்’ என்று எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அந்த வயதுப் பிள்ளை அப்படி எழுதிக்கொண்டு போனதும் வாத்தியார் அசந்து போய்விட்டார். வகுப்பு முழுக்கக் கேட்கும்படி உரக்கப் படித்துக் காட்டினார். சாயங்காலம் என்னை ஸ்டேஷனில் பார்த்து, “பையன் பிரமாதமா வருவான் சார்” என்றார். அன்றைக்கு நான் உனக்கு அல்வா வாங்கி வந்தேன். உன் அம்மா மட்டும்தான், “லேட்டா போனதுக்கா அல்வா?” என்று கேட்டாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, அதனால் அப்படிப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் நீ பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாளாவது மணி அடிப்பதற்கு முன்னால் போனாயா? எனக்கு நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அயனம்பாக்கம் ஏரிக்கரையில் நாம் இருவரும் நடப்போமே. எதிரில் போகிற மாடு, ஆடு, ஆள் எல்லாவற்றுக்கும் நான் கை காட்டக் காட்ட நீ வார்த்தை சொல்ல வேண்டும். அசைந்து அசைந்து போகிற எருமைக்கு ‘லம்பரிங்’. புல்லைக் கடித்துக்கொண்டு நின்று நின்று போகிற கன்றுக்குட்டிக்கு ‘டாட்லிங்’. மந்தையை விட்டுப் பின்தங்கிய ஆட்டுக்கு ‘ஸ்ட்ராக்ளர்’. கள்ளிக்குப்பத்திலிருந்து ஆடு ஓட்டிக்கொண்டு வருகிற அம்மாள் ஒருநாள் நின்று கேட்டாள், “இன்னா நைனா, என் ஆட்டுக்கெல்லாம் இங்கிலீசுல பேர் வெக்கிறீங்களாமே? அதுக்கு வரிகிரி எதுனா கட்டணுமா?” நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அந்தச் சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது. அந்த நாட்களைத் தப்பென்று நான் சொல்லமாட்டேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்! ஆனால் அத்தனை வார்த்தை சொல்லிக்கொடுத்தவன், நேரத்துக்குப் போய்ச் சேருவது என்று ஒன்று இருக்கிறது என்பதைச் சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டேன். அதற்கு இங்கிலீஷ் தேவைப்படவில்லை, அதனால் எனக்கு அதில் சுவாரசியமும் இல்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். புதன்கிழமை வெள்ளானூர் சம்பந்தி வந்தார், மாப்பிள்ளையின் அப்பா. வண்டி கட்டிக்கொண்டு வரவில்லை, வயலிலிருந்து நேராக நடந்தே வந்திருந்தார். காலில் சேறு. அம்மா மோர் கொடுத்தாள், குடிக்கவில்லை, பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“சம்மந்தி, நான் சுத்தி வளைக்காத கேக்குறேன். உங்க புள்ளைக்கு இந்தச் சம்மந்தம் புடிக்கலியா?” என்றார்.

“ஐயையோ, அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அவனுக்கு ரொம்ப சந்தோஷம்.”

“அப்ப ஏன் வரமாட்டேங்கறான்? எங்க ஊர்ல இன்னா பேசிக்கிறாங்க தெரியுமா? மச்சானுக்கு இஷ்டமில்ல, அதான் ரெண்டு தபா தள்ளிட்டாங்கன்றாங்க. இன்னும் சில பேரு, பொண்ணுக்கு இன்னா கொறையோன்றாங்க. என் ஊட்டுப் பொம்பளைங்க காதுல அது வுழுந்துகினே கீது.”

உள்ளே அலமேலு இருந்தாள். கதவுக்குப் பின்னால் அவள் நிழல் தெரிந்தது. பெண்ணைப் பெற்றவனுக்கு அந்த நேரத்தில் எப்படி இருக்கும் என்று உனக்கு ஒரு பெண் பிறந்தால்தான் தெரியும். நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் கடிதத்தை எடுத்து அவருக்குப் படித்துக் காட்டினேன். படித்து, அர்த்தமும் சொன்னேன். தவிர்க்கவே முடியாத காரணத்தால் நேரிட்ட தாமதம், அதற்காக மனப்பூர்வமாக வருந்துகிறான், கம்பெனியின் நெருக்கடி அப்படி என்று, ரயில் பெட்டியில் படிக்கிற அதே குரலில். அவர் மரியாதையாகக் கடைசிவரை கேட்டார். பாதியில் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும், “எல்லாம் சரிங்க. வர்றானா, வரலியா?” என்றார்.

ஒரு மாப்பிள்ளையை மைத்துனன் மாலை போட்டு, கையைப் பிடித்து அழைத்துவந்து மணையில் உட்கார வைப்பது நம் வழக்கம். உன் சித்தப்பா பையனை வைத்துச் செய்துவிடலாமே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். “கூடப் பொறந்தவன் குத்துக்கல்லாட்டம் கீறப்போ வேற ஒருத்தன் ஏன் கையப் புடிக்கணும்? பாக்கறவன் இன்னா நெனப்பான்?” என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, மாப்பிள்ளை வேலை செய்கிற ஆவடி மிலிட்டரி டிப்போவிலிருந்து ஆட்களை வடக்கே அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு இருக்கிறது, தை தாண்டினால் பையன் எங்கே இருப்பானோ தெரியாது, திருநின்றவூரிலிருந்து வேறு ஓர் இடமும் வந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், இந்தத் தையில் முடியாவிட்டால் மனசு நோகாமல் விட்டுவிடுவோம் என்று சொன்னார். நல்ல மனுஷன்டா. மிரட்டவில்லை. சொல்லும்போது அவருக்கே கண் கலங்கிவிட்டது. மோரைக் குடிக்காமலே போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. வீட்டுக்குள் நடக்கிறேன், தெருவில் நடக்கிறேன், ஸ்டேஷனுக்குப் போய்விட்டு வருகிறேன். பம்பாயிலிருந்து மெயில் வருகிற நேரத்துக்குப் போய் நிற்கிறேன். அது இங்கே நிற்காது. அது தெரியாதவனா நான்? ஸ்டேஷன் மாஸ்டர் கூட, “என்ன சார், பாஸ் தீர்ந்தும் விட மாட்டேங்கறீங்களே” என்று கேலி செய்கிறார். ஜன்னல் ஜன்னலாக முகங்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றிலும் உன் மூக்கைத் தேடுகிறேன், பைத்தியக்காரன் மாதிரி. உன் அம்மா ஒன்றும் கேட்பதில்லை. நான் திரும்பி வந்ததும் சோற்றைப் போட்டு வைக்கிறாள். இதை எழுதும்போதே எத்தனை தடவை எழுந்து போய்விட்டு வந்தேனோ, மசி காய்ந்து காய்ந்து எழுத்து மாறி மாறித் தெரியும் உனக்கு.

நடந்து நடந்து யோசித்தேன், நீ ஏன் வரவில்லை என்று. லீவு கிடைக்கவில்லை என்பதை நான் நம்பவில்லை. அதை நம்பாமல் இருப்பதற்கு உன் அப்பனைவிடத் தகுதி யாருக்கு இருக்கிறது? வேலை போய்விட்டதா? போனால் போகட்டும், நம் வீட்டில் உனக்கு இல்லாத சோறா? அங்கே எந்தப் பெண்ணோடாவது குடித்தனம் வைத்துவிட்டாயா? அவளையும் அழைத்துக்கொண்டு வா. உன் அம்மா ஒருநாள் முழுக்கக் கத்துவாள், மறுநாள் அவளை உட்கார வைத்துத் தலை பின்னிவிடுவாள். நீ இங்கிருந்து கிளம்பும்போது பிளாட்பாரத்தில் எல்லாருக்கும் முன்னால், ஆபீசராகத்தான் திரும்பி வந்து இறங்குவேன் என்று சொன்னாயே, அது நடக்கவில்லையா? அதை உன்னைத் தவிர ஒருத்தரும் நினைவில் வைத்திருக்கவில்லை. கோவிந்தனிடம் கேட்டேன், “அப்படியா சொன்னான்? ஆவட்டும் நைனா, வயசுப் புள்ள” என்றான்.

எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், நீ முதல் வருஷம் சும்மாதான் வராமல் இருந்தாய். அப்புறம் வராமல் இருந்ததற்காகவே வரக் கூச்சப்பட்டாய். நாள் ஆக ஆகக் கூச்சம் அதிகமாகிறது, கூச்சம் அதிகமாக ஆக வார்த்தையும் பெரிதாகிறது. அதை எழுதிப் போட்டதும் வந்துவிட்ட மாதிரியே ஒரு நிம்மதி வந்துவிடுகிறது, இல்லையா? எனக்குத் தெரியும் அந்த நிம்மதி. நான் வேலையை விடுவதற்கு முந்தின வருஷம் ஒருநாள் ஸ்பெஷலுக்கு மேல் ஸ்பெஷலாக விட்டு நம் வண்டியை வில்லிவாக்கத்திலேயே போட்டுவிட்டார்கள். ஆபீஸ் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. அன்றைக்கு என் பெயருக்கு நான் எழுதியிருந்த கடிதம் இருக்கிறதே, அதுபோல் ஒன்று நான் எழுதியதே இல்லை. ஹெட் கிளார்க் முன்னால் போய் நீட்டினேன். அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. “வந்துட்டீர் இல்ல? போய் சீட்டுல உக்காரும்” என்றார். கடிதத்தை வாங்கவே இல்லை. எனக்கு எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா! அன்று பூராவும் யாரிடமும் பேசவில்லை. இவ்வளவு அருமையாக எழுதியிருக்கிறேன், ஒரு வரி படிக்கக் கூடாதா அந்த மனுஷன் என்று. வந்து நிற்கிறவனை யாரும் காரணம் கேட்பதில்லை என்பது இப்போதுதான் என் மண்டையில் ஏறுகிறது. நீ வந்து இறங்கினால் இங்கே ஒருத்தரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. கை கால் கழுவிட்டு வா, சாப்பிடு என்றுதான் உன் அம்மா சொல்வாள். எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உன்னைப் பார்க்க வேண்டும் என்று இருக்கிற இருப்பில் அந்தக் கோபத்தை வைத்துக்கொள்ளக்கூட இடம் போதவில்லை.

நேற்றுக் காலை வெள்ளானூருக்கு நானே போய்த் தை மாதத்து முகூர்த்தத்தை உறுதி செய்துவிட்டு வந்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. தேதியை இந்தக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். இனி அது நகராது. நீ இல்லாவிட்டால் சித்தப்பா பையன்தான் மாப்பிள்ளை கையைப் பிடிப்பான் என்று சம்பந்தியிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன். “நீங்களே வந்து கேட்டுட்டீங்க” என்று சம்மதித்தார். ஊர் பேசுவது பேசட்டும் என்று சம்பந்தியம்மாளும் சொன்னாள். நமக்காக அவர்கள் அவ்வளவு இறங்கி வந்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து அலமேலுவிடம் சொன்னேன். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தேதி சொன்னதும் நிமிர்ந்து, “அண்ணன்?” என்றாள். கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறாய் என்பதைச் சொன்னேன். இந்தத் தடவை அலங்காரம் பண்ணாமல் சொன்னேன். முறத்தைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் பொறுக்கினாள்.

“அப்பா, அண்ணனுக்கு லேட்டு, ஸ்லோவு, டிலேன்னு இவ்ளோ சொல்லிக்குடுத்தீங்களே. வரமாட்டேன்னு சொல்றதுக்கு ஒண்ணு சொல்லிக்குடுக்கலியா?”

“இருக்குதும்மா. சின்ன வார்த்தைதான்.”

“அப்ப அத எழுதச் சொல்லுங்க. நான் ஒண்ணும் அழமாட்டேன்” என்றாள். சொல்லி முடிப்பதற்குள் முறத்தை அப்படியே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். போய் அழுதாள். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரிந்த எந்த பாஷையிலும் அவளிடம் போய்ச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

அதனால் உன்னிடம் கேட்கிறேன். வரப்போவதில்லை என்றால் அந்தச் சின்ன வார்த்தையை ஒரு கார்டில் எழுதிப் போட்டுவிடு. காரணம் வேண்டாம், வருத்தம் வேண்டாம். அவள் ஒரு தடவை அழுது முடித்துவிட்டு மணையில் உட்காருவாள், நீ இப்போது செய்வது போல மாசத்துக்கு ஒரு தடவை அழ வைக்காதே. வருவதாக இருந்தால் எனக்கு ஒரு வரியும் எழுதாதே, தந்தியும் அடிக்காதே, ரயிலில் ஏறிவிடு. ஆக, இந்தக் கடிதத்துக்குப் பதில் என்று எது வந்தாலும் கவரைப் பிரிக்காமலே இங்கே எல்லாருக்கும் அர்த்தம் தெரிந்துவிடும். அம்மாவிடமும் இதைச் சொல்லிவிட்டேன். இத்தனை வருஷமாக உன் கடிதம் வர வேண்டும் என்று அம்மன் கோயிலில் சூடம் ஏற்றிக்கொண்டிருந்தவள், நேற்றிலிருந்து தபால்காரன் நம் தெருவுக்குள் வரவே கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்கிறாள்.

உன் அப்பா